காட்டுவதும் காட்டிக்கொடுப்பதும்

உங்கள் வீட்டு முன்சுவரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். திருக்குடும்பப் படத்தின் அருகே சட்டம் போட்ட இரண்டொரு புகைப்படங்கள் தொங்கும். ஒன்று கலியாணப் படம். மற்றது பிள்ளைகளில் ஒருவர் முதல் நன்மை வாங்கிய நாளில் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம். அந்தப் படத்துக்காக அம்மா எத்தனை தரம் தலை வாரிவிட்டார், காலில் இருந்த சப்பாத்து யாரிடம் இரவல் வாங்கியது, பின்னால் இருந்த பூந்தோட்டம் வெறும் துணியில் எழுதியது என்பதெல்லாம் வீட்டாருக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பொய்யென்று எவரும் சொல்வதில்லை. எம்மை இப்படி நினைவில் வைத்திருங்கள் என்று ஒரு குடும்பம் தானே தேர்ந்து நின்ற நிலை அது.

இப்போது வேறொரு காட்சியை எண்ணிக்கொள்ளுங்கள். மாரிகாலம், கூரை ஒழுகுகிறது, விறகு நனைந்து அடுப்பு புகைகிறது, மூத்தவனுக்குக் காய்ச்சல், சின்னவள் அரையில் துணியில்லாமல் முற்றத்துச் சேற்றில் நிற்கிறாள். அந்த நேரம் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் படலையைத் திறந்து வந்து, நல்ல மனத்தோடுதான், கமராவைத் தூக்குகிறார். அவர் எடுக்கும் படத்திலும் பொய் இல்லை. கூரை ஒழுகுவது உண்மை. ஆனால் அந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன சொல்வார்கள் என்பது ஒன்றும் அவ்வீட்டாருக்குத் தெரியப்போவதில்லை.

இரண்டும் உண்மைப் படங்களே. அப்படியாயின் ஒன்று எமக்குப் பெருமையாகவும் மற்றது எம்மைக் கூசச் செய்வதாகவும் இருப்பது ஏன்? ஒருவருடைய வாழ்வைப் படமாக்கிப் பிறருக்குக் காட்டும் உரிமை யாருக்கு, எந்த நிபந்தனையில் உண்டு? பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கமராவைக் கொடுத்து, உங்கள் ஊரின் கதையை நீங்களே சொல்லுங்கள் என்று கற்பிக்கும் முயற்சிகள் உலகின் பல பாகங்களிலும் நடந்து வருகின்றன. அவற்றின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். இதை வெறும் தத்துவமாகப் பேசாமல், உண்மையில் நடந்த ஓரிடத்தை வைத்துச் சிந்திப்போம். அந்த இடம் எமக்கு மிகத் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இந்தக் கேள்விக்காக ஓர் உயிரே போயிருக்கிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியா என்ற மலைநாடு உண்டு. அதில் கென்ரக்கி மாநிலத்தின் கிழக்கு மூலையில், லெச்சர் என்ற மாவட்டம் இருக்கிறது. நிலத்துக்கடியில் நிலக்கரி, நிலத்துக்கு மேலே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும், ஆற்றோரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு குடியிருப்புகளும். நிலக்கரி தோண்டிய கம்பனிகள் செல்வந்தமாயின. தோண்டியவர்கள் நுரையீரலில் கரித்தூசியோடு முதுமையடைந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திரங்கள் வந்து வேலைகள் குறையவே, ஏராளமானோர் வட மாநிலங்களின் தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். மிஞ்சியவர்களின் வறுமையை அமெரிக்கா நெடுங்காலம் கவனிக்கவில்லை.

பின்னர் ஒரேயடியாகக் கவனித்தது. 1963 இல் லெச்சர் மாவட்டத்துச் சட்டத்தரணி ஹரி கோடில் தமது மலைநாட்டின் சீரழிவைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்து, தலைநகரில் பலரைத் தட்டி எழுப்பியது. 1964 ஜனவரியில் ஜனாதிபதி ஜோன்சன் வறுமைக்கெதிரான போரைப் பிரகடனஞ் செய்தார். அவ்வருடம் ஏப்ரலில் அவரே கிழக்குக் கென்ரக்கிக்கு வந்து, ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டு விறாந்தையில் குந்தியிருந்து கதைத்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. ஜோன்சன் போய்விட்டார், விறாந்தைக்காரர் அங்கேயே இருந்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும், வறுமை ஒழிந்ததா என்று பார்க்கப் பத்திரிகையாளர்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மனிதர் ஒரு படத்துக்குள் போய் அகப்பட்டுக்கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வாண்டு நத்தார்க் காலத்தில், தேசியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று லெச்சர் மாவட்டத்துப் பிள்ளைகளை வைத்து ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். உடுப்புகளும் விளையாட்டுப் பொருட்களும் வந்து குவிந்தன. அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. குளிரில் நடுங்கும் பிள்ளைக்கு மேற்சட்டை எங்கிருந்து வந்தாலும் மேற்சட்டைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே முதன்முதலாகத் தொலைக்காட்சியில் கண்டபோது கண்டது எதை? தங்களிடம் இல்லாதவற்றின் பட்டியலை.

1967 செப்டெம்பரில் ஹியூ ஓ'கொன்னர் என்ற கனேடியத் திரைப்படக்காரர் ஒரு குழுவோடு அந்த மாவட்டத்துக்கு வந்தார். மொன்றியலில் அவ்வாண்டு நடைபெற்ற எக்ஸ்போ 67 கண்காட்சியில் புகழ்பெற்ற படமொன்றின் ஆக்கத்தில் பங்கெடுத்தவர் அவர். இப்போது அமெரிக்க அரசாங்கத்துக்காக, அந்நாட்டு மக்களின் பலவிதமான வாழ்வையும் காட்டும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஜெரமாயா என்ற சிற்றூர். எரேமியா தீர்க்கதரிசியின் பெயரையே தாங்கியது. அங்கே வேலை முடிந்து கரி படிந்த முகத்தோடு வாடகை வீட்டு விறாந்தையில் இருந்த ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கண்டார்கள். கேட்டார்கள், அவர் சம்மதித்தார், படம் எடுத்தார்கள்.

அந்த வளவின் சொந்தக்காரர் ஹோபாட் ஐசன் என்ற முதியவர். தன் காணியில் அந்நியர் கமராவோடு நிற்பதைக் கேள்விப்பட்டு வந்தார். போகச் சொல்லிச் சத்தமிட்டார். குழுவினர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு புறப்படத்தான் செய்தார்கள். அவர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் கைத்துப்பாக்கியால் சுட்டார். ஓ'கொன்னர் அவ்விடத்தில் இறந்தார்.

கொலை கொலைதான். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. இந்தக் கட்டுரையில் அதற்கொரு சமாதானம் தேடுகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். ஆனால் அதன் பின் நடந்தது எம்மை யோசிக்க வைக்கிறது. ஊரவர்களில் பலர் கொன்றவர் பக்கம் நின்றார்கள். வழக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டும், 1968 இல் ஜூரிமார் ஒருமனப்படவில்லை. 1969 இல் அவர் சிறிய குற்றமொன்றை ஒப்புக்கொண்டு 10 வருடத் தண்டனை பெற்று, ஒரு வருடத்தில் வெளியே வந்துவிட்டார். கொலைகாரனை விரும்பியதால் அல்ல, படம் எடுப்பவர்கள்மேல் அத்தனை மனக்கசப்பு இருந்ததால் அந்தச் சனம் அப்படி நடந்தது. எங்களை உலகத்துக்குக் காட்டுகிறோம் என்று சொல்லிக் கொண்டு வந்து, எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதே அவர்கள் மனத்தில் இருந்த எண்ணம்.

எமது மொழியில் இது ஒரு விசித்திரமான சொல். காட்டுதல் நல்லது, வழி காட்டுகிறோம், முகம் காட்டுகிறோம், அன்பு காட்டுகிறோம். கொடுத்தலும் நல்லது, அதைவிட நல்லது ஏது? இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்தல் என்றால் யூதாசின் ஞாபகம் வருகிறது. ஒரு மனிதரைப் பிறருக்குக் காட்டும்போது, எந்த இடத்தில் அது காட்டிக்கொடுத்தலாக மாறுகிறது? ஜெரமாயாவில் படம் எடுத்தவர் அனுமதி கேட்டார். படத்தில் இருந்தவரும் சம்மதித்தார். எனவே அனுமதி மாத்திரம் போதாது போலும்.

இனி, அதே மாவட்டத்தில் அதன்பின் நடந்தவற்றைப் பாருங்கள்.

அந்தக் கொலைக்கு இரண்டு வருடங்களின் பின், 1969 இல், வறுமைக்கெதிரான போரின் பணத்தைக் கொண்டே, மாவட்டத் தலைநகரான வைற்ஸ்பேர்க்கில் இளைஞருக்கான திரைப்படப் பட்டறையொன்று தொடங்கப்பட்டது. கட்டிடக்கலை படித்துவிட்டு வந்த பில் றிச்சட்சன் என்ற இளைஞர் அதை ஆரம்பித்து நடத்தினார். அரசாங்கத்தின் நோக்கம் எளிமையானது: மலைநாட்டுப் பிள்ளைகள் கமராத் தொழிலைப் படித்துக்கொண்டு நகரத்துத் தொலைக்காட்சி நிலையங்களில் வேலை தேடிப் போகட்டும். வேலையில்லாத ஊருக்கு அரசாங்கங்கள் சொல்லும் வழமையான மருந்து இது. ஊரை விட்டுப் போ.

பிள்ளைகள் போகவில்லை. கருவியை வாங்கிக்கொண்டு தங்கள் அயலட்டைக்குத் திரும்பினார்கள். அவர்கள் எடுத்த முதற் படங்களைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பன்றி வெட்டி இறைச்சி பங்கிடும் ஒருவர். பச்சிலை வைத்தியம். பழைய மரபில் பாடிச் செபிக்கும் ஒரு சபை. வெளியார் கமராக்கள் இவற்றையெல்லாம் தாண்டிப் போயிருந்தன, அல்லது இவற்றைப் பின்தங்கியமையின் அடையாளமாகப் பார்த்திருந்தன. பிள்ளைகளோ, ஒருவர் கைதேர்ந்து செய்யும் வேலையாக இவற்றைப் பார்த்தார்கள். அரசாங்கப் பணம் நின்றபின்னும் அவர்கள் அந்தப் பட்டறையைக் கைவிடாமல் தங்கள் சொந்த நிறுவனமாக்கிக்கொண்டார்கள். அப்பல்ஷொப் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் வென்டி ஈவால்ட் என்ற இளம் ஆசிரியை அங்கே வந்து சேர்ந்தார். அவர் மிச்சிகன் மாநிலத்தவர். அதாவது அவரும் வெளியார்தான். 1969 இல் கனடாவின் லப்ரடோர் பகுதியில் ஆதிக்குடிப் பிள்ளைகளிடம் கமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களையும் தாம் எடுத்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். அப்பிள்ளைகளின் படங்களில் இருந்த ஏதோ ஒன்று தமது படங்களில் இல்லை என்று கண்டுகொண்டார். தமது குறையை ஒப்புக்கொண்டு அதிலிருந்தே தொழிலைத் தொடங்கிய ஆசிரியர்கள் அபூர்வம்.

லெச்சர் மாவட்டத்தின் சிறு பாடசாலைகளில் 1982 வரை அவர் புகைப்படம் கற்பித்தார். அவற்றிலொன்றுக்கு, கர்த்தர் கற்பித்த செபத்தில் வரும் இரு சொற்களே பெயராக அமைந்திருந்தன என்பது ஓர் அழகு. மாணாக்கர் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையானவர்கள். கருவி, பெட்டி போன்ற மலிவான கொடாக் இன்ஸ்ரமற்றிக். அதையும் அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை. ஒரு சிறு தொகைக்கு விற்றார். கையில் காசில்லாத பிள்ளைகள் சில்லறை வேலைகள் செய்து சம்பாதித்தார்கள். இதைக் கேட்டு, ஏழைப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதா என்று முகஞ் சுளிப்போர் இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இரவல் வாங்கிய கருவியால் எடுத்த படம் இரவல் கொடுத்தவருடைய படமாகத்தான் இருக்கும். அவர் விரும்புவதைத்தான் பிள்ளை எடுக்கும். தன் காசில் வாங்கிய பிள்ளை தன் கண்ணுக்குப் பட்டதை எடுக்கும்.

பாடசாலையிலேயே இருட்டறை இருந்தது. சுருளைக் கழுவுவதும் படத்தைத் தாளில் எழுப்புவதும் பிள்ளைகளே. ஆசிரியை கொடுத்த பாடங்கள் சில சொற்களில் அடங்கும்: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் வீட்டு மிருகங்களை எடு, உன் கனவுகளை எடு. கடைசிப் பாடத்தைக் கவனியுங்கள். கனவை எப்படிக் கமராவால் எடுப்பது? பெரியவர்களிடம் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவோம். ஒரு சிறுமி வானத்தை நோக்கிக் கைகளை நீட்டித் தன்னைத்தானே எடுத்தாள். ஒரு சிறுவன் தன் உயிர்த்தோழனைத் தானே கொன்றுவிட்டதாகக் கனவு கண்டிருந்தான். அந்தத் தோழனையே மரக்கவடு ஒன்றில் கண்மூடிச் சாய்ந்திருக்கச் செய்து படமெடுத்தான். இந்தப் படங்களும் பிள்ளைகளின் கதைகளும் 1985 இல் நூலாக வெளிவந்தன. பக்கங்களில் வறுமை தெரிகிறது, மறைக்கப்படவில்லை. ஆனால் அது படத்தின் பின்னால் நிற்கும் சுவரைப்போல நிற்கிறது. முன்னால் நிற்பவர் ஒரு மாமன், ஒரு கன்றுக்குட்டி, ஒரு பாட்டி.

சரி, இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்கலாகாது. வெளியார் எடுத்தால் காட்டிக்கொடுப்பு, ஊர்ப்பிள்ளை எடுத்தால் அன்பு என்று பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா? ஊரவரே ஊரின் கதையைச் சொன்னால், சொல்லவேண்டிய கசப்பான உண்மையை யார் சொல்வது? ஊருக்குள் செல்வாக்குள்ளவனை, அயலவனை அடிக்கும் அயலவனை, கம்பனிக்காரனை எந்தப் பிள்ளை படமெடுக்கும்?

இந்தக் கேள்விக்கு அந்த மலைநாட்டிலிருந்தே இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, வெளியார் ஒருவர் எடுத்த படம். 1965 நவம்பரில், லெச்சருக்கு அயலில் உள்ள நொட் மாவட்டத்தில், ஒல்லி கோம்ஸ் என்ற அறுபது வயது கடந்த விதவைத் தாயின் வீட்டுக்கு மேலே உள்ள மலையைச் சுரங்கக் கம்பனியின் புல்டோசர்கள் கிழிக்க வந்தன. நிலம் அவருடையது, ஆனால் அடியில் உள்ள நிலக்கரியின் உரிமையை அந்தக் காலத்திலேயே சொற்பக் காசுக்கு எழுதி வாங்கியிருந்தார்கள். அவர் போய் இயந்திரத்தின் முன்னால் இருந்துவிட்டார். பொலிசார் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அதைப் படமெடுத்தவர் லூயிவில் நகரத்துப் பத்திரிகையின் புகைப்படக்காரர் பில் ஸ்றோட். அவரையும் கைது செய்தார்கள். அந்தப் படம் வெளிவந்தபின், மேற்சுரங்கத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966 இல் கென்ரக்கியில் நிறைவேறியது.

அந்தப் படத்தை எடுத்தவர் நகரத்தவர். ஆயினும் அது காட்டிக்கொடுப்பு அல்ல. ஏன்? அந்தத் தாயிடம் இல்லாததை அது காட்டவில்லை. அவர் செய்ததைக் காட்டியது. அவர் எதற்காக அங்கே இருந்தாரோ, படமும் அதையே சொன்னது. எடுத்தவரும் தூரத்தில் நின்று எடுத்துவிட்டுக் காரேறிப் போகவில்லை. அவரோடு சேர்ந்து மறியலுக்குப் போனார்.

இரண்டாவது விடை, உள்ளூர்ப் பட்டறையிலிருந்து வந்தது. 1972 பெப்ரவரி 26 ஆம் திகதி காலை, மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிறீக் பள்ளத்தாக்கில், கம்பனியொன்று நிலக்கரிக் கழிவைக் குவித்துக் கட்டியிருந்த அணை உடைந்து, கரிய வெள்ளம் ஊர்களின்மேல் பாய்ந்தது. 125 பேர் மாண்டார்கள். 4,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். கம்பனி என்ன சொன்னது தெரியுமா? இது கடவுளின் செயல் என்றது. காப்புறுதிப் பத்திரங்களில் வரும் ஒரு சட்டச் சொல் அது. ஆனால் பிள்ளையைச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த தாயிடம் அதைச் சொல்லும்போது அது வெறும் சட்டச் சொல்லாகவா இருக்கும்? மனிதர் செய்த பிழையைத் தேவனுடைய தலையில் சுமத்துவதைவிடப் பெரிய தேவதூஷணம் எனக்குத் தெரியவில்லை.

அப்பல்ஷொப்பைச் சேர்ந்த மிமி பிக்கரிங் அவ்வூர்களுக்குப் போய், தப்பியவர்களையும் நடந்ததை அறிந்தவர்களையும் பேசவைத்து ஒரு படத்தை எடுத்தார். 1975 இல் வெளிவந்த அந்தப் படத்தின் தலைப்பே அந்த வெள்ளத்தை மனிதனின் செயல் என்று பெயரிட்டது. 2005 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. அதேபோல், நிலக்கரி உரிமைப் பத்திரங்களின் அநீதியையும் அவர்கள் படமாக்கினார்கள். 1988 நவம்பரில், நிலச் சொந்தக்காரரின் சம்மதமின்றி மேற்சுரங்கம் தோண்டக்கூடாது என்ற அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கென்ரக்கி வாக்காளரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆதரவளித்தனர். படத்தாலேதான் அது வென்றது என்று நான் சொல்லமாட்டேன். ஊரூராக மக்கள் பல வருடம் உழைத்த உழைப்பு அது. ஆனால் ஊரார் ஊரின் கதையைச் சொன்னால் பலமுள்ளவர்களைப் பற்றிப் பேசமாட்டார்கள் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

ஆகவே பிறப்பு தீர்ப்பளிப்பதில்லை. எனக்குத் தோன்றுவது இது: எடுத்தவர் திரும்பிவர வேண்டியவரா, இல்லையா என்பதே வேறுபாடு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் மாமனைப் படமெடுத்தால், அன்று மாலை அந்தத் தாளை மாமனின் கையில் கொடுத்தாக வேண்டும். அவர் பார்ப்பார். சிரிப்பார், அல்லது ஏனடா இப்படி எடுத்தாய் என்று கேட்பார். நாளை காலையும் அவர் முகத்தில் விழிக்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமைதான் பிள்ளையின் கண்ணைப் பழக்குகிறது. மொன்றியலிலிருந்து வந்தவருக்கு அந்தக் கடமை இருக்கவில்லை. அவர் கெட்டவர் என்பதற்காக அல்ல, அவர் போகவிருந்தவர் என்பதற்காக. ஒல்லி கோம்ஸைப் படமெடுத்தவரோ, வெளியாராயினும், அவர் பட்ட கதியில் பங்குகொண்டு பதில் சொன்னவர்.

இதில் எமக்குச் சம்பந்தமில்லை என்று வாசகர்கள் எவரும் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2004 டிசம்பரில் கடல் வந்து போனபின், எமது கரையோரங்களில் எத்தனை கமராக்கள் வந்தன! 2009 இல் முட்கம்பிக்குள் இருந்தவர்களை எத்தனை பேர் படமெடுத்தார்கள்! நிவாரண வரிசையில், கையில் அரிசிப் பொதியைக் கொடுக்கும்போது, கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து ஒரு படம். அந்தப் படங்களால் உதவி வந்தது, உலகம் அறிந்தது, சில உண்மைகளுக்கு இன்று அவையே சாட்சி. அதை மறுக்கவில்லை. ஆனால் அவ்வாறு எடுக்கப்பட்ட தாய்மாரில் எத்தனை பேருக்குத் தங்கள் படத்தின் ஒரு பிரதி கிடைத்தது? வீட்டையும் ஆல்பத்தையும் ஒன்றாக இழந்தவளுக்கு, இறந்த பிள்ளையின் ஒரு படம்கூட இல்லாதவளுக்கு, அழுதுகொண்டிருக்கும் அவளுடைய சொந்த முகம் மாத்திரம் ஏதோ ஒரு நாட்டின் பத்திரிகைக் கட்டிடத்தில் பத்திரமாக இருக்கும்.

பிள்ளைகளுக்குப் படக்கலை கற்பிக்க முன்வரும் ஆசிரியர்கள், இளைஞர் மன்றத்தார், பங்குகளில் வேலை செய்வோருக்கு ஒரு வார்த்தை. கருவி வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகள் ஒரு பொழுதில் பிடித்துக்கொள்வார்கள். இன்று கைத்தொலைபேசி இருக்க, அந்தப் பாடமே வேண்டியதில்லை. கடினமான பாடம் வேறு. போட்டி வைத்தால், எந்தப் படம் பரிசு பெறுகிறது என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள். கிழிந்த சட்டைக்கு முதற்பரிசு கொடுத்தால் அடுத்த முறை நாற்பது கிழிந்த சட்டைகள் வரும். தன் ஊரையே வெளியாரின் கண்ணால் பார்க்கப் பழகிய பிள்ளை, ஊருக்குள் இருக்கும் வெளியாராகிவிடும். அதைவிட அவனிடம் கமராவைக் கொடுக்காமலே விட்டிருக்கலாம்.

இன்னொன்று. ஜெரமாயாவில் ஓ'கொன்னர் எடுத்த படத்தைச் சுருளில் கழுவி, பெட்டியில் போட்டு, மாதக்கணக்கில் வெட்டி ஒட்டித்தான் உலகத்துக்குக் காட்டியிருக்க முடியும். இருட்டறையில் நின்ற லெச்சர் மாவட்டத்துப் பிள்ளைக்கும், தாளில் முகம் மெல்ல எழும்பி வரும்வரை யோசிக்கச் சிறிது நேரம் கிடைத்தது. இன்றைய பிள்ளைக்கு அந்த நேரம் இல்லை. எடுத்த கணத்திலே முகநூலில் போய்விடுகிறது. படத்தில் இருப்பவர் பார்க்குமுன் ஆயிரம் பேர் பார்த்துவிடுகிறார்கள். வெறியில் விழுந்து கிடக்கும் தகப்பனை மகன் படமெடுக்கிறான், அது உண்மை, அந்த உண்மையை அவன் யாரிடமாவது சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் அடக்கினால் அவன் மனம் வெடித்துவிடும். ஆனால் யாரிடம் சொல்வது, முதலில் யாருக்குக் காட்டுவது? பிதா மாதாவைச் சங்கிக்கவேண்டும் என்ற கற்பனை பொய் சொல்லும்படி அவனைக் கேட்கவில்லை. தகப்பனின் அவமானத்தை அயலாருக்கு விளையாட்டாகக் கொடுக்காதே என்று மாத்திரம் கேட்கிறது. அந்தப் படத்தை ஆசிரியர் ஒருவர் அவனோடு தனியே இருந்து பார்ப்பாரானால், அதுவே அவன் வாழ்வில் கிடைத்த பெரிய பாடமாகலாம்.

இதில் பிள்ளைகளின் பக்கமும் உண்டு. எடுத்ததை முதலில் படத்தில் இருப்பவருக்குக் காட்டு என்று நாம் அவர்களிடம் கேட்டால், அவர்களைப் பற்றிப் பெரியவர்கள் போடும் படங்களுக்கும் அதே விதி இருக்கவேண்டும். தன் குழந்தை குளிப்பதையும் அழுவதையும் ஊர் முழுவதுக்கும் அனுப்பும் பெற்றோர், பிள்ளைக்கு நாகரிகம் படிப்பிக்க முடியாது.

ஹியூ ஓ'கொன்னரின் கதையைப் பின்னாளில் திரைப்படமாக எடுத்தவர், அதே மலைநாட்டில் பிறந்து அப்பல்ஷொப்பில் வேலை செய்த எலிசபெத் பரட். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தில், கொன்றவரை அறிந்தவர்களும் பேசுகிறார்கள், கொல்லப்பட்டவரின் மகளும் பேசுகிறார். தமது சனத்தின் பக்கம் நின்றுகொண்டே, தமது சனம் செய்த பிழையையும் அவர் மறைக்கவில்லை. கமராவைப் பிடித்திருக்கும் தாமும் இந்தக் கேள்விக்கு உட்பட்டவர் என்பதையும் அவர் மறக்கவில்லை.

2022 ஜூலை இறுதியில் கிழக்குக் கென்ரக்கியில் பெருவெள்ளம் வந்தது. வைற்ஸ்பேர்க்கில் அப்பல்ஷொப் கட்டிடத்துக்குள்ளும் ஆறு புகுந்து, ஐம்பது வருடத்துச் சுருள்களும் ஒலிநாடாக்களும் படங்களும் சேற்றில் மூழ்கின. தங்கள் வீடுகளும் நனைந்திருந்த வேளையில், அங்குள்ளவர்கள் அவற்றைப் பொறுக்கியெடுத்துக் கழுவவும், கெடாமல் உறைகுளிரில் வைத்துக் காக்கவும் முயன்றார்கள். அந்தச் சுருள்களில் இருந்தவர்களில் பலர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஆற்றோரத்தில் இருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2020 இல், வென்டி ஈவால்ட்டும் எலிசபெத் பரட்டும் சேர்ந்து இன்னொரு படத்தை வெளியிட்டார்கள். ஈவால்ட் அம்மையார் தமது பழைய மாணாக்கரைத் தேடிப் போகிறார். மரக்கவட்டில் தோழனைச் சாய்த்துப் படமெடுத்த அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது நரை கண்ட பெரியவர்கள். சிலர் ஊரிலே, சிலர் வெளியூரில். வாழ்க்கை சிலரை நன்றாக அடித்திருக்கிறது. ஆசிரியை வெறுங்கையோடு போகவில்லை. அவர்கள் சிறுவயதில் எடுத்த படங்களைக் கையில் கொண்டு போயிருந்தார்.